முதல் பந்தி யாருக்கு?

விடுமுறைக்குப் பாரிசுக்கு வந்து எங்களோடு தங்கிப் போன பெரியப்பா மகன், எங்கள் சொந்த ஊரான ஆலங்காயம் திரும்பியதிலிருந்து ஒரே பேச்சாகப் பேசுகிறாராம்: பாரிஸ்காரனுக்குச் சோறு போடத் தெரியாது. மூன்று மணிக்குப் பசியோடு போனால் அடுப்பை அணைத்தாயிற்று என்கிறான். இன்னொரு கரண்டி கேட்டால் விழிக்கிறான். விருந்தோம்பல் என்றால் என்னவென்றே அறியாத ஊர். இதைக் கேட்ட சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டு, அங்கே எப்படித்தான் காலம் தள்ளுகிறாய் என்று விசாரிக்கிறார்கள்.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. இங்கே தெருமுனை உணவகங்களில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டரை மணியோடு சரி. பிறகு இரவு ஏழு மணிக்குத்தான் கதவு திறக்கும். ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் எந்நேரம் இறங்கினாலும் ஏதாவது ஒரு கடையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். மதியம் உட்கார்ந்தால் சாம்பார் வாளி, ரசம் வாளி, மோர் வாளி என்று வந்துகொண்டே இருக்கும். இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தால்தான் நிற்கும். ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டுவந்து விற்றவருக்கும் அதே வாளிதான். அந்தத் தாராளத்தைப் பாரிசில் நான் எங்கும் கண்டதில்லை. பிரெஞ்சு விருந்து முறையை 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மறுசோறு அதற்கு ஒரு படியும் குறைந்ததில்லை என்று யாரிடமும் வாதாடுவேன்.

ஆனால் அண்ணன் கண்ணில் படாத ஒன்று உண்டு. எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட சின்ன உணவகம் இருக்கிறது. அன்றைய உணவையும் விலையையும் கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்திருப்பார்கள். வேலை முடிந்து ஆறேகால் மணி வாக்கில் அந்த வழியாக வருவேன். வாடிக்கையாளர் ஒருவரும் வந்திருக்க மாட்டார். உள்ளே இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அத்தனை பணியாளர்களும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முதலாளி, சமையற்காரர், பரிமாறும் பெண்கள், பாத்திரம் கழுவும் யாழ்ப்பாணத்து அண்ணன், எல்லாரும் ஒரே மேசையில். வாடிக்கையாளர் உட்காரும் அதே நாற்காலி, அதே தட்டு. அவர்கள் சாப்பிட்டு எழுந்து மேசையைத் துடைத்த பிறகுதான் கதவு திறக்கும். நான் காசு கொடுத்துச் சாப்பிடுவது அந்த மேசையில் இரண்டாம் பந்தி.

அந்த யாழ்ப்பாணத்து அண்ணனிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "முதல் நாள் நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போனனான். முதலாளி வந்து கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தினவர்" என்றார். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த காலம் முதல் பாரிஸ் சமையலறைகளில் ஈழத்தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் நாற்காலி இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இதை ஒரு முதலாளியின் நல்ல மனசு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. சாப்பாட்டு வேளையில் வேலைக்கு நிற்கும் உணவகப் பணியாளருக்கு உணவு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஈடான பணம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. எங்கே சாப்பிடுவது என்பதற்கும் விதி உண்டு: 1894இலேயே, தொழிலாளர் வேலை செய்யும் கூடத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று அரசாணை வந்தது. பட்டறைத் தூசும் நஞ்சும் சோற்றில் விழக் கூடாது என்பதற்காக வந்த அந்தத் தடை, இன்றும் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. கொரோனாவுக்காக 2021இல் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

பாரிஸ் சமையலறைகள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2008இல் உரிய ஆவணம் இல்லாத உணவகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து போராடித்தான் அவர்களில் பலருக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அப்படிப் போராட வேண்டியிருந்த கொடுமையும் இந்த ஊருடையதுதான். ஆனாலும் அந்த ஆறேகால் மணி மேசை என்னை விடுவதாயில்லை.

என்னோடு படித்தவன் ஒருவன் வாணியம்பாடியில் ஒரு கடையில் சப்ளையராக இருந்தான். சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி என்று எனக்கு எத்தனையோ முறை பரிமாறியிருக்கிறான். அவன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கூட்டம் ஓய்ந்து நாலு மணிக்கு, கழுவாத அண்டாக்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு, மிஞ்சிய குஸ்காவை விழுங்கிவிட்டு ஓடிவருவானாம். விடியற்காலை இட்லி வேளையிலிருந்து நின்ற கால். ஜவ்வாது மலையிலிருந்து பெங்களூரு ஓட்டல்களுக்குப் போகிற பிள்ளைகளிடம் கேட்டாலும் இதே கதைதான். சோறு இலவசம் என்று சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன? என் பெரியம்மா சூடான சோறு சாப்பிட்டது அபூர்வம். பெரியப்பா மகன் மெச்சுகிற அந்த விருந்தோம்பல் முழுக்க, பசியோடு நிற்கும் ஒருவரின் கையால்தான் நடக்கிறது.

நமக்குச் சட்டம் போடத் தெரியாதா என்ன? 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திக் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்தது. கேரளத்துக்கு அடுத்து அதைச் செய்தவர்கள் நாம். நாற்காலி வரைக்கும் வந்துவிட்டோம்; இனி இலைதான் பாக்கி. பதினொரு மணிக்கெல்லாம் ஓட்டலில் சோறு வடித்துச் சாம்பாரும் இறக்கியாயிற்று. பன்னிரண்டு மணிக்குத்தான் கூட்டம் வரும். அந்த இடைவெளியில் மாஸ்டரையும் சப்ளையரையும் மேசை துடைக்கும் பையனையும் உட்காரவைத்து, முதல் பந்தியை அவர்களுக்குப் போடுவதில் கல்லாவில் இருப்பவருக்கு என்ன குறைந்துவிடும்?