துப்பாக்கிக் குழலும் சிந்தித் துணியும்

குற்றால சீசன் என்றதும் எல்லோருக்கும் அருவியும் சாரலும்தான் ஞாபகத்துக்கு வரும். துப்பாக்கியைப் பராமரிக்கிறவர்களுக்கோ துருதான் ஞாபகத்துக்கு வரும்! ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்துவிட்டால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வெயில் அடிக்கும்போதே தூறலும் விழும். கொடியில் போட்ட துணியே காயாது. அந்தக் காற்றில் இரும்புக் குழல் என்ன பாடுபடும்?

என்.சி.சி.யில் சேர்கிற மாணவன் சுடுவதற்கு ஆசைப்பட்டுத்தான் சேர்கிறான். ஆனால் அவன் ஐந்து குண்டு சுட்டால் அரை மணி நேரம் துடைக்க வேண்டியிருக்கும். இது ஏதோ தண்டனை மாதிரிதான் பலருக்கும் தோன்றும். உண்மையில் துப்பாக்கியைப் பற்றிய பாதிப் பாடம் இந்தத் துடைப்பதில்தான் இருக்கிறது.

ரைஃபிள் குழலின் உட்புறம் வழவழப்பான வெறும் குழாய் அல்ல. குண்டு சுழன்று போவதற்காக உள்ளே திருகு போலப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பழைய .303 லீ-என்ஃபீல்டில் வழக்கமாக 5 பள்ளங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் ஆழமும் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான்! கரியும் ஈரமும் போய் ஒளிந்துகொள்வது இந்தப் பள்ளங்களில்தான்.

இங்கேதான் அளவு முக்கியமாகிறது. துணி மெலிந்திருந்தால் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு சுலபமாக வெளியே வந்துவிடும். பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும், பள்ளத்தில் அழுக்கு அப்படியே இருக்கும். துணி பருத்திருந்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். வாய் குறுகிய பாட்டிலைக் கழுவ பிரஷ் தேடியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும்.

அந்தக் காலத்து ராணுவம் இதற்குக் கணக்கே போட்டு வைத்திருந்தது. .303 குழலைத் துடைக்க 4 அங்குல நீளம், 2 அங்குல அகலத்தில் ஃபிளானல் துணி. எண்ணெய் பூச 4க்கு ஒன்றரை. எண்ணெய்த் துணி ஏன் சிறியது? இறுக்கமாக இருந்தால் எண்ணெய் முழுவதும் வாயிலேயே பிழிந்து போய்விடும், உள்ளே ஒட்டாது. இந்தத் துணியைத்தான் இங்கே என்.சி.சி.யில் 'சிந்தி' என்கிறார்கள். அதை இழுக்கும் கயிறு 'புல் த்ரூ'. ஒரு முனையில் எடைக்கட்டி இருக்கும், மறுமுனைப் பக்கம் மூன்று கண்ணிகள். ஒன்று கம்பி வலைக்கு, ஒன்று சிந்திக்கு. மூன்றாவது எதற்குத் தெரியுமா? சிக்கிக்கொண்டால் பின்பக்கமாக இழுத்து எடுக்க! அளவு தவறும் என்பதை எதிர்பார்த்தே செய்திருக்கிறார்கள்.

.303க்கு வெட்டிய சிந்தியை .22 ரைஃபிளில் போட முடியாது. முதலாவதன் துளை சுமார் 7.7 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 5.6. வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். ஆனால் துளையின் பரப்பைக் கணக்கிட்டால் .22இல் கிட்டத்தட்ட பாதி இடம்தான் இருக்கிறது. ஆகவே துணியும் பாதியாக வேண்டும். பித்தளை பிரஷ்ஷுக்கும் இதே கதைதான். அது துளையைவிட மயிரிழை பெரிதாக இருந்தால்தான் அதன் கம்பிகள் வளைந்து பள்ளத்துக்குள் போகும். ஆனால் நடுவழியில் திருப்பக்கூடாது, மறுபக்கம் முழுவதும் வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும்.

கயிற்றைத் தோட்டா அறைப் பக்கமிருந்து விட்டு, முன்வாய் வழியாக ஒரே மூச்சில் நேராக இழுக்க வேண்டும். புதிதாக வந்தவன் அவசரத்தில் சாய்த்து இழுப்பான். "ஏல, சாய்க்காதல, நேரா இழு!" என்று சீனியர் அண்ணன் சத்தம் போடுவது சும்மா அல்ல. மணல் ஒட்டிய கயிறு ஒரே பக்கமாக உரசி உரசி எஃகையே தேய்த்துவிடும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் முன்வாய்தான். அது கோணலானால் குறியும் கோணலாகும்.

பழைய .303 தோட்டாக்கள் பலவற்றில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அவற்றின் தீமூட்டும் மருந்து எரிந்தபின் குழலில் ஒருவகை உப்பு தங்கும். சமையல் உப்பு போலவே அது ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றி, பிறகு உலரத் துடைத்து எண்ணெய் பூசும் வழக்கம் வந்தது. சாரல் காலத்தில் இதை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் துரு முந்திக்கொள்ளும்.

என்.சி.சி. ரைஃபிள் யாருடைய சொந்தமும் அல்ல. ஒரே துப்பாக்கி எத்தனையோ வருட மாணவர்களின் தோள் மாறி வருகிறது. ஒருவன் தளர்ந்த துணியால் ஒப்புக்குத் துடைத்து வைத்தால், குறி தவறப் போவது அவனுக்கு அல்ல, அடுத்த வருடம் வருகிற பையனுக்கு. அந்தப் பையன் துருவைப் பார்க்க மாட்டான், தனக்குச் சுட வரவில்லை என்றே நினைத்துக்கொள்வான்.

சரியான அளவை அறிய எளிய வழி கைதான். இழுக்கும்போது ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும், ஆனால் ஒரு ஆள் பலத்தில் வந்துவிட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் துணி. முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மூன்றாவது கண்ணி!