லிமிட்டர் காப்பாற்றாத இடம்

"ரெவ் லிமிட்டரை அடிச்சா இன்ஜின் போயிடுமா மச்சி?" எங்க ஹாஸ்டலில் கார் பைத்தியம் பிடித்த ஒவ்வொருத்தனும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி இது. போன வருஷம் எனக்கு இதற்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பால் ஒரு ஜூனியரைக் கிட்டத்தட்ட டீமை விட்டே துரத்திவிட்டேன்.

எங்கள் ஃபார்முலா ஸ்டூடன்ட் காரில் இருந்தது பைக்கிலிருந்து எடுத்த சிங்கிள் சிலிண்டர் இன்ஜின். லிமிட்டரை 10,000 ஆர்பிஎம்மில் வைத்திருந்தோம். டெஸ்டிங் அன்று செகண்ட் இயர் பையன் ஒருவன் நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதித்து 'டட்டட்டட்' என்று சத்தம் எழுப்பினான். எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். நான் கத்தினேன். அப்புறம் நானே ஏறி ஆறு ரவுண்டு ஓட்டினேன். கடைசி ரவுண்டில் இழுவை போனது. மறுநாள் பார்த்தால் கம்ப்ரஷனே இல்லை. ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வுகள் வளைந்திருந்தன; பிஸ்டன் தலையில் வால்வு பதிந்த பிறை மாதிரித் தடம்.

"உன் வேலைதான்டா இது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வொர்க்‌ஷாப் பக்கமே வரவில்லை.

ரிப்போர்ட் எழுதும்போதுதான் டேட்டா லாகைத் திறந்தேன். அவன் மிதித்த நேரத்தில் ஆர்பிஎம் கோடு ரம்பப் பல் மாதிரி 9,700க்கும் 10,000க்கும் நடுவே ஏறி இறங்கியிருந்தது. லிமிட்டரின் வேலையே அதுதான். எல்லையைத் தொட்டதும் ஈசியூ பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்திவிடும். வேகம் இறங்கியதும் திரும்பக் கொடுக்கும். அதைத் தாண்டி மேலே விடாது.

என்னுடைய ஐந்தாவது ரவுண்டில் ஒரு கூர்முனை இருந்தது. 12,000 ஆர்பிஎம். அந்த நொடியில் த்ராட்டில் பொசிஷன்: பூஜ்யம்.

வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும்போது அவசரப்பட்டு ஒரு கியரை முன்கூட்டியே இறக்கியிருக்கிறேன். கிளட்சை விட்டதும் இன்ஜினைச் சுற்றியது பெட்ரோல் இல்லை, சக்கரம். பெட்ரோலை நிறுத்துகிற லிமிட்டரால் சக்கரத்தை எப்படி நிறுத்த முடியும்? பிஸ்டன், கனெக்டிங் ராடு மேல் வரும் இனெர்ஷியா விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். வேகம் 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும். அந்த வேகத்தில் ஸ்பிரிங்கால் வால்வைச் சமயத்துக்கு மூட முடியவில்லை. மேலே வந்த பிஸ்டன் அதை இடித்துவிட்டது.

பெரிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே கணக்குதான். முதல் ஹோண்டா எஸ்2000-இன் ஸ்ட்ரோக் 84 மி.மீ., ரெட்லைன் 9,000. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். 2004-இல் அமெரிக்காவுக்கான காரில் ஸ்ட்ரோக்கை 90.7 ஆக்கியபோது ரெட்லைனை 8,000-க்கு இறக்கினார்கள். ரெட்லைன் அழகுக்குப் போட்ட சிவப்புக் கோடு இல்லை.

அதற்காக லிமிட்டரில் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லவில்லை. நின்ற இடத்தில் நிமிடக்கணக்கில் அடித்தால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காது, சூடு ஏறும். ஸ்பார்க்கை மட்டும் வெட்டும் லிமிட்டர் என்றால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் எரிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஆயில் சூடாகாத இன்ஜினை அப்படி முறுக்கவே கூடாது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின், ஓட்டும்போது ஓரிரு தடவை லிமிட்டரைத் தொட்டதால் சாகாது.

அந்த ஃபைலை ஒரு ராத்திரி முழுக்க மூடியே வைத்திருந்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள். காலையில் அவன் ரூமுக்கு லேப்டாப்போடு போனேன். கிராஃபைக் காட்டினேன். "தப்பு என்னுதுடா, சாரி" என்றேன். மதியம் டீம் மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை சொன்னேன்.

அவன் கிராஃபையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, ஸ்பீடு அதிகமா இருந்தா கியரை இறங்கவே விடாத மாதிரி ஒரு லாக் வைக்கலாமா?"

இந்த வருஷக் காரில் அது இருக்கிறது. கோடு எழுதியவன் அவன்தான்.