பாட்டையாவின் எண்



சென்ற ஞாயிறு எஸ்றாவின் புத்தகத்தில் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டபோது உங்களில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்தேன். குற்றம் சொல்லவில்லை. பெயர்களும் எண்களுமாய் நிறைந்த அதிகாரம் அது. நானும் பல ஆண்டுகள் அதை விரைவாய்ப் புரட்டிச் சென்றவன்தான். இப்பொழுது என்னால் அப்படிச் செய்ய இயலவில்லை. அதன் காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதில் என்னுடைய குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது.

திருநெல்வேலிச் சீமையில் தாத்தாவைப் பாட்டையா என்று அழைப்போம். என் அப்பாவின் தகப்பனாரை நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை. ஒரு புகைப்படம்கூட வீட்டில் கிடையாது. 1940 இல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டத் தெரிந்தவராகையால், படைகளுக்கு உணவும் தளவாடமும் ஏற்றிச் செல்லும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் ஓட்டுநரானார். மறு ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறினார். அவர் போனபின் அக்டோபர் மாதத்தில் அப்பா பிறந்தார். டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

சில மாதங்களுக்குப் பின் ஆச்சிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்ததாம். அந்நாளில் சபையிலிருந்த ஐயர் அதை வாசித்து, "காணவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்" என்று பொருள் சொன்னார். மரித்தார் என்று அதில் இல்லை. பிழைத்திருக்கிறார் என்றும் இல்லை. ஆகவே ஆச்சி தாலியைக் கழற்றவில்லை. எங்கள் ஊர்ச் சபையின் விவாகப் பதிவேட்டில் பாட்டையாவின் பெயர் இருக்கிறது. அப்பாவின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் என்று அந்தப் பெயர் இருக்கிறது. அடக்கப் பதிவேட்டில் இல்லை.

யுத்தம் முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஈப்போவுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவரை வேறொரு குடும்பத்தோடு கண்டதாகச் சொன்னார். அந்தச் சொல் போதுமானதாயிருந்தது. அதற்கு ஊரார் ஓர் ஆதாரமும் வைத்திருந்தார்கள். மாதந்தோறும் ஆச்சிக்குப் பட்டாளத்துப் பணம் என்று ஒரு சிறு தொகை மணியார்டரில் வந்துகொண்டிருந்தது. "உயிரோடு இல்லாதவன் எப்படிப் பணம் அனுப்புவான்?" என்றார்கள். அப்பாவும் அதை நம்பியே வளர்ந்தார். பள்ளிக்கூட விண்ணப்பங்களில் தகப்பன் பெயரை எழுதும்போது அவர் கை ஒரு கணம் நிற்கும். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எனக்குப் பதினான்கு வயது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டேன், ஆச்சி இல்லையென்றார். அப்பொழுது நான், "பாட்டையா உங்களை விட்டுட்டு ஓடிப்போனது ஊருக்கே தெரியும், எங்கிட்ட மட்டும் கண்டிப்பா?" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. "சொன்னவன் சொன்னாம். நீ பாத்தியாய்யா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987 இல், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இடைப்பட்ட காலத்தில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன்; நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பா 2021 இல் மரித்தபின் வீட்டைக் காலிசெய்தபோது, ஆச்சியின் பழைய வேதாகமத்தின் அட்டைக்குள் மடித்துவைத்த ஒரு மணியார்டர்த் துண்டு அகப்பட்டது. பட்டாளத்திலிருந்து குடும்பத்துக்கென்று அவர் சம்பளத்தில் பிடித்து அனுப்பிய பணத்தின் சீட்டு. ஒரு மூலையில் மங்கிய மையில் ஆங்கிலத்தில் அவருடைய எண்ணும், பதவியும், பெயரும் எழுதியிருந்தன.

பெயரைக்கொண்டு தேடுவது எளிது என்று எண்ணினேன். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். 87,000-க்கும் அதிகமானோர் உயிர்விட்டனர். நம்மவர்களுக்கு அந்நாளில் ஒற்றைப் பெயர். அதுவும் நம் சபைகளில் நூறு பேருக்கு வைக்கிற பெயர். அதை ஆங்கில எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாய் எழுதினார்கள்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நானும் என் மகளும் தேடினோம். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு அனுப்பப்பட, 40,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஃபாரர் பார்க் மைதானத்தில் கூட்டப்பட்டார்கள். அங்கே ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைத்தார். சேர்ந்தவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பலர் கப்பல்களில் அடைக்கப்பட்டு நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இதையெல்லாம் வாசித்த இரவுகளில் எனக்கு உறக்கம் வரவில்லை. தோட்டத்து வீட்டுத் திண்ணையில் சுகமாய் உட்கார்ந்திருப்பவராக நான் கற்பனை செய்திருந்த மனிதர், அந்த மைதானத்து வெயிலில் நின்றிருக்கிறார்.

லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஜப்பானியர் முகாம்களில் கைதிகளுக்கு எழுதிவைத்த அட்டைகள் பல்லாயிரம் இருக்கின்றன. ஆளின் பெயர், படைப்பிரிவு, பிடிபட்ட இடம், வீட்டு முகவரி எல்லாம் அவற்றில் உண்டு. முகாமில் மரித்தவரின் அட்டையில் குறுக்காகக் கோடிட்டிருப்பார்கள். அங்கே படிக்கிற நம் சபைப் பிள்ளை ஒருவர் பார்த்துச் சொன்னார்: பாட்டையாவுக்கு அட்டை இல்லை. ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதினோம். போர்க்கைதிகளைக் குறித்த 1929 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை ஜப்பான் உறுதிசெய்யவில்லை; ஆகையால் கிழக்கு முகாம்களிலிருந்து வந்த பட்டியல்கள் குறைவுள்ளவை. அங்கும் அவர் பெயர் இல்லை.

எஸ்றா இரண்டாம் அதிகாரம் எனக்குத் திறந்தது இந்த நாட்களில்தான். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்புகிறவர்களின் பட்டியலில், ஆசாரிய வம்சத்தார் சிலர் தங்கள் அட்டவணையைத் தேடியும் காணவில்லை என்று எழுதியிருக்கிறது. அவர்கள் ஆசாரிய ஊழியத்துக்குப் புறம்பாக்கப்பட்டார்கள். ஆனால் பயணத்திலிருந்து தள்ளப்படவில்லை. விசித்திரம் என்னவென்றால், அட்டவணையில் பெயர் காணாத அவர்களுடைய பெயர்கள் அதே வேதத்தில் பதிந்திருக்கின்றன. எஸ்றா அவர்களை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

இனித் தேடவேண்டாம் என்று நான் சொன்னபோது, மகள் அந்தச் சீட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அப்பா, இது 1 இல்லை, 7" என்றாள். அத்தனை நாளும் நான் தவறான எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் படைவீரர் எண்ணைக்கொண்டு தேடலாம். எண்ணைத் திருத்தினோம். ஒரே ஒரு பெயர் வந்தது.

ஓட்டுநர். ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர். மரித்தது 1943 அக்டோபர். சிங்கப்பூர் நினைவுச்சின்னம், தூண் எண் இன்னது. அதன்கீழே ஒரு வரி: இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், திருநெல்வேலி மாவட்டம், இன்ன ஊர். ஆச்சியின் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. எங்கள் ஊரின் பெயர் பாதிதான் சரி. இருந்தாலும் அது ஆச்சிதான்.

ஈப்போவில் அவரைக் கண்டதாகச் சொன்னவர், யுத்தம் முடிந்தபின் கண்டதாகச் சொல்லியிருந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பாட்டையா மரித்துவிட்டார். மாதந்தோறும் வந்த அந்தப் பணம் அவர் அனுப்பியதல்ல. அவர் மரித்ததற்காக வந்த விதவைப் பணம். எந்த ஆதாரத்தைக்கொண்டு ஊர் அவரைக் குற்றவாளியாக்கியதோ, அதுவே அவருடைய சாவுச்சீட்டு. ஆச்சி அதை அறிந்திருந்தாரோ என்று இரவும் பகலும் யோசிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பெருவிரல் மை தடவிப் பணம் வாங்கியவர் அவர். அறிந்தும் தாலியைக் கழற்றாமல் இருந்தாரோ? அறிந்தும், கீரை உருவிக்கொண்டே என்னிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டாரோ? தபால்காரர் சொல்லியிருக்கலாம், ஐயர் சொல்லியிருக்கலாம். கேட்கவேண்டிய வயதில் நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. அந்தப் பதிவில் மாதத்தோடு நாளும் குறிக்கப்பட்டிருக்கிறது. அவர் கண்மூடியபோது பக்கத்தில் ஒருவர் இருந்து, நாளை எண்ணி வைத்திருந்து, விடுதலையானபின் யாரிடமோ சொல்லியிருக்கிறார் என்று நம்புகிறேன். முகாம்களில் மரித்தவர்களின் பெயர்களைக் காவலருக்குத் தெரியாமல் குறித்து வைத்த கைதிகள் பலர் இருந்தார்கள். அவர் எந்தச் சாதி, எந்த மதம், எந்த மொழி பேசியவர் என்று எனக்குத் தெரியாது. அவருக்காகத் தினமும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. முதல் உலகப் போரில் மரித்தவர்களில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று அதே ஆணையத்தின் அறிக்கை 2021 இல் ஒப்புக்கொண்டது. அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

சிங்கப்பூரில் வேலை செய்கிற நம் சபைச் சகோதரி ஒருவர், ஒரு சனிக்கிழமை கிராஞ்சிக்குப் போய் வந்தார். 1957 இல் திறக்கப்பட்ட அந்த நினைவுச்சின்னத்தில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பாட்டையாவின் பெயர் நிமிர்ந்து பார்க்கவேண்டிய உயரத்தில் இருக்கிறதாம். கைபேசியை உயர்த்திப் பிடித்து எடுத்த படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. எங்களிடமுள்ள ஒரே படம் அதுதான்.

ஆச்சியின் கல்லறையில் பெயருக்குக் கீழே ஒரு வரி அளவு இடத்தை அப்பா வெறுமையாக விட்டிருந்தார். மனைவி என்று எழுதுவதா, கைம்பெண் என்று எழுதுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின வாரம் கல்தச்சரை அழைத்துப்போனேன். பெயரும், ஆண்டும், அந்த எண்ணும். "எண் எதுக்கு ஐயரே?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். 7 ஐ மட்டும் கொஞ்சம் ஆழமாக வெட்டித் தந்தார்.

உங்களில் சிலர் வீட்டிலும் பர்மாவுக்கோ, மலாயாவுக்கோ, மெசபொத்தேமியாவுக்கோ போய்த் திரும்பாதவர்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் மகளும் நானும் மடிக்கணினியோடு வேப்பமரத்தடியில் இருப்போம். மணியார்டர்த் துண்டு, பதக்கம், ஓய்வூதியச் சீட்டு, கடித உறை எதுவானாலும் கொண்டுவாருங்கள். பெயர் தப்பாயிருந்தால் ஊரைக்கொண்டு தேடலாம். மாவட்டத்தின் பெயரை ஆங்கிலேயர் எழுதிய விதமாகவே தட்டவேண்டும். எண் இருந்தால் வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.