கல்லுக்கு ஒரு நூலகம்!

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், தெற்குப் புறநகர்ப் பகுதி டான்ஸ்லி. முதலில் கிரைஸ்லர், பிறகு மிட்சுபிஷி எனப் பல்லாண்டுகள் கார்கள் தயாரான தொழிற்சாலை இங்குதான் இருந்தது. 2008-ல் அது மூடப்பட்டது. இன்று அதே வளாகத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. அதன் உயரமான அலமாரிகளில் அடுக்கியிருப்பது புத்தகங்கள் அல்ல, கற்கள்!

தெற்கு ஆஸ்திரேலிய மாநில அரசு 2016-ல் திறந்த நூலகம் இது. கனிமம் தேடி, 130 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மாநிலத்தில் போட்ட துளைகளிலிருந்து எடுத்த மாதிரிகளின் சேகரிப்பு. மொத்த நீளம் சுமார் 75 லட்சம் மீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியே போய்த் திரும்பினால் ஏறத்தாழ அவ்வளவு தூரம் வரும்.

நம் ஊரில் போர்வெல் போடும்போது பாறை பொடியாகி, சேறாக வெளியே கொட்டும். கனிமம் தேடுகிறவர்களுக்கு அது போதாது. எந்த ஆழத்தில் எந்தக் கல், அதில் எங்கே விரிசல், எங்கே கனிம நரம்பு என்று பார்த்தாக வேண்டும். அதனால் வைரத்துகள் பதித்த வளையம் போன்ற முனையால் பாறையைச் சுற்றிக் குடைகிறார்கள். வாழை மட்டைகளுக்கு நடுவிலிருந்து தண்டை உருவுவதுபோல, பாறை உருளை உருளையாக மேலே வரும். கனம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். இதைத்தான் 'ட்ரில் கோர்' என்கிறார்கள்.

வந்த உருளைகளை நீளமான தட்டுகளில் வரிசை மாறாமல் அடுக்கி, இடையிடையே ஆழம் எழுதிய கட்டைகளை வைப்பார்கள். தட்டு கவிழ்ந்து வரிசை கலைந்துபோனால், பக்க எண் இல்லாத புத்தகம் பிரிந்து சிதறிய கதைதான். எழுத்து இருக்கும், அர்த்தம் இருக்காது.

அடுத்து, உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பொடியாகும். மறுபாதி தட்டிலேயே இருக்கும். அந்த மறுபாதிதான் சாட்சி.

சாட்சி இல்லாத தங்கம்

அந்தச் சாட்சியின் அருமையை உலகத்துக்கு உணர்த்தியது, இந்தோனேசியாவின் கலிமந்தான் காட்டிலுள்ள புசாங். 1990-களில், கனடாவைச் சேர்ந்த பிரி-எக்ஸ் நிறுவனம் அங்கே பிரமாண்டமான தங்கப் படிவு இருப்பதாக அறிவித்தது. பங்குகளின் மொத்த மதிப்பு சுமார் 600 கோடி கனடா டாலர் வரை ஏறியது. ஆனால், பாதியை எடுத்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, உருளைகளை ஏறக்குறைய முழுதாகவே பொடியாக்கி இருந்தார்கள். சந்தேகம் வந்தபோது திரும்ப எடுத்துப் பார்க்கக் கல் இல்லை. பழைய துளைகளுக்கு அருகிலேயே வேறொரு நிறுவனம் புதிதாகத் துளையிட்டது. தங்கம் இல்லை! மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்துகள் கலக்கப்பட்டது 1997 மே மாதம் அம்பலமானது. நம்பிப் பணம் போட்ட சாதாரணக் குடும்பங்களின் சேமிப்பும் அதோடு போனது.

பத்தாவது துளை

இதற்கு நேரெதிர் கதை தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே உண்டு. அடிலெய்டுக்கு வடக்கே 550 கிலோமீட்டருக்கு மேல் போனால், வறண்ட ஆட்டுப் பண்ணை நிலம். 1956-ல், மெல்போர்னில் ஒலிம்பிக் நடந்த ஆண்டு, ஆடுகளுக்காக அங்கே ஒரு குட்டை வெட்டி 'ஒலிம்பிக் டாம்' என்று பெயர் வைத்தார்கள். 1975-ல் அதன் அருகே போட்ட முதல் துளையில், 300 மீட்டருக்கும் மேல் வெற்றுப் பாறையைத் தாண்டிய பிறகு, செம்பு தென்பட்டது. அடுத்து வந்த துளைகளில் பல ஏமாற்றின. 1976-ல் பத்தாவது துளை, 170 மீட்டர் நீளத்துக்குச் செம்பைக் காட்டியது. இன்று அது உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவு. செம்பு, தங்கம், வெள்ளியும் உண்டு.

கல்லும் கெடும்

கல்தானே, கிடக்கட்டும் என்று விட முடியாது. மரப்பெட்டியைக் கரையான் அரிக்கும். வெயிலில் எழுத்து மங்கும். கந்தகம் கலந்த கனிமங்கள் ஈரக்காற்றில் துருப்பிடித்து, கல் பொலபொலவென உதிரும். அதனால்தான் மழையும் வெயிலும் படாத கூரை, உலோகம் அல்லது பிளாஸ்டிக் தட்டு, அழியாத அடையாளச் சீட்டு, முன்கூட்டியே எடுத்து வைக்கும் புகைப்படம் என்று இத்தனை ஏற்பாடு.

இப்போது கல்லை உடைக்காமலே, அகச்சிவப்புக் கதிரால் வருடி, உள்ளிருக்கும் கனிமங்களைப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. செம்பு தேடிக் குடைந்த பழைய கல்லில், அன்று யாரும் கேட்காத வேறொரு கனிமத்தைத் தேடலாம். ஒரு மீட்டர் குடையவே நூற்றுக்கணக்கான டாலர் செலவாகும்போது, தட்டை இறக்கிப் பார்ப்பது எவ்வளவு லாபம்!

அன்று குடைந்தவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் அறுத்து வைத்த பாதி, அடுத்த கேள்விக்காக அலமாரியில் காத்திருக்கிறது.