புங்கம்பூவும் என் வலது கண்ணும்

சித்திரை, வைகாசி ரெண்டும் இளவேனில்னு ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்தக் கணக்கைப் போட்டவர் சித்திரை மாசத்துல பட்டாபிராம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து பார்த்திருக்க மாட்டார். எங்க ஊர் வசந்தம் பங்குனியிலேயே வந்துட்டுப் போயிடும். மிஞ்சிப்போனா மூணு வாரம். அதுவும் காலையில ஆறரையிலிருந்து எட்டு மணி வரைக்கும்தான். அப்புறம் வெயில்.

அந்த மூணு வாரத்துல வர்ற ஞாயித்துக்கிழமைகள் எனக்கு ரொம்ப முக்கியம். மடக்கு ஸ்டூல், பழைய பிஸ்லெரி பாட்டில்ல தண்ணி, கேமல் ட்யூப் பத்து, 300 ஜிஎஸ்எம் பேப்பர். இவ்வளவையும் ஸ்கூட்டர்ல வெச்சுக்கிட்டுக் கிளம்பிடுவேன். முறையாப் படிச்ச ஓவியன் எல்லாம் இல்லைங்க. எழும்பூர் ஓவியக் கல்லூரி 1850லிருந்து இருக்கு, நான் அதை பஸ்லிருந்து பார்த்ததோட சரி. ஆபீஸ்ல கணக்கு எழுதுற ஆள். ஐம்பது வயசுக்கு மேல பிரஷ் பிடிச்சவன்.

எங்க தெரு முனையில ஒரு புங்கமரம், அதுக்குக் கீழ ஒரு டீக்கடை. ஆறு வருஷமா ஒவ்வொரு பங்குனிக்கும் அந்த மரத்தை வரையறேன். மாசி கடைசியில இலை கொட்டும். பத்து நாள்ல பளபளன்னு இளம்பச்சை விடும். அப்புறம் பூ. கீழ உதிர்ந்து கிடக்கிறது பொரி இறைச்ச மாதிரியே இருக்கும். சங்கப் புலவர்களே புங்கம்பூவைப் பொரின்னுதான் சொல்லியிருக்காங்க, அதனால இந்த உவமை என்னோடது இல்லை.

வெளியில உட்கார்ந்து வாட்டர் கலர் பண்றவங்களுக்குத் தெரியும், இங்க கலர் பேப்பர்ல பட்டதுமே காய்ஞ்சுடும். வானத்துக்கு ஒரு பக்கம் நீலம் இழுத்துட்டு மறுபக்கம் போறதுக்குள்ள முதல் பக்கம் காய்ஞ்சு கோடு விழுந்திருக்கும். தண்ணியில ஒரு சொட்டு கிளிசரின் விட்டா கொஞ்சம் தாங்கும். (ரொம்ப விட்டுடாதீங்க, அப்புறம் மறுநாள் வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கும். அனுபவம்!) அதனால அங்க நான் பண்றது அரைகுறைதான். டீக்கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி கேட்பார். "என்ன சார், இன்னும் மரம் முடியலையா? அது வளர்ந்துக்கிட்டே போகுதே!"

அந்த அரைகுறையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில ஷீட் போட்ட ரூம்ல, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பெரிய பேப்பர்ல நிதானமா வரைவேன். அந்த ரூமுக்கு நான் வெச்ச பேர் ஸ்டூடியோ. தங்கமணி வெச்ச பேர் குடோன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் குடோன்லதான் பிரச்சினை ஆரம்பிச்சுது. முடிச்ச படத்தை ஆசையா தங்கமணிகிட்ட காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாங்க.

"ஏங்க, வானத்துக்கு என்ன, சொட்டு நீலம் போட்டு அலசினீங்களா?"

"அது என் ஸ்டைல்."

"மரத்தண்டு ஏன் கருப்பா இருக்கு?"

"அதுவும் ஸ்டைல்."

எனக்குச் செம கோவம். கலை தெரியாத குடும்பம்னு நினைச்சுக்கிட்டேன். ட்யூப்லைட்டை மாத்தினேன். மட்டமான கலர்னு சொல்லி விலை கூடின ட்யூப் வாங்கினேன். வானம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கெட்டியாகிக்கிட்டே போச்சு. அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் என் காலைப் பார்த்துச் சிரிச்சார். ஒரு சாக்ஸ் கருப்பு, ஒண்ணு கருநீலம். அன்னிக்கு ராத்திரி ஹிந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டி எங்க ஸ்டேஷன்ல இறங்கி நிக்கிறேன். எதிர்ல வந்த ரயிலோட ஹெட்லைட் நட்சத்திரமா வெடிச்சு, அதைச் சுத்தி ஒரு வளையம். அப்பதான் லேசா பயம் வந்தது.

கண் டாக்டர் சின்னப் பொண்ணு. எங்க மருமகள் வயசு இருக்கும். "ரெண்டு கண்லயும் காட்ராக்ட் சார். வலது கண் ரொம்ப முத்தியிருக்கு. உங்களுக்கு எதுவும் தெரியலையா?" நான் என்னத்தைச் சொல்ல? ஸ்டைல்னு நினைச்சேன்மான்னா சொல்ல முடியும்?

விஷயம் இதுதான். நம்ம கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். அந்த மஞ்சள் முதல்ல பிடிச்சு நிறுத்துறது நீலத்தையும் ஊதாவையும். கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறதால ஒண்ணும் தெரியாது. மூளை அதுக்குப் பழகிடும்.

பையன் போன்ல ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, நீ மரத்தையும் அதே கண்ணாலதான் பார்க்கிற, பேப்பரையும் அதே கண்ணாலதான் பார்க்கிற. ரெண்டும் மஞ்சளாத்தானே தெரியும்? அப்போ தப்பு கழிஞ்சு போகணுமே?" எல் கிரேக்கோ வரைஞ்ச மனுஷங்க எல்லாம் நீள நீளமா இருக்கிறதுக்கு அவர் கண் கோளாறுதான் காரணம்னு ஒரு காலத்துல சொன்னாங்களாம். அதை மடக்கின கேள்வியும் இதேதான்னு சொன்னான். இன்ஜினியரிங் படிக்க வெச்ச காசு வீணாகலை. எனக்குத்தான் பதில் தெரியலை.

மார்கழியில வலது கண்ணுக்கு ஆபரேஷன். இருபது நிமிஷம்கூட ஆகலை. மறுநாள் கட்டுப் பிரிச்சப்போ முதல்ல பார்த்தது ஆஸ்பத்திரி சுவர். இவ்வளவு வெள்ளையான சுவரை நான் பல வருஷமா பார்க்கலை. வீட்டுக்கு வந்து பாத்ரூம் பக்கெட்டைப் பார்த்துட்டு நின்னுட்டேன். அது நீலம். அப்படி ஒரு நீலம்! தங்கமணி வெளியிலிருந்து, "உள்ள என்ன பண்றீங்க?"ன்னு குரல் குடுக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

சொட்டு மருந்து எல்லாம் முடிஞ்ச அப்புறம் ஃபைலை எடுத்தேன். ஆறு வருஷப் படம். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஜோடி ஜோடியா, மரத்தடியில வரைஞ்சது ஒண்ணு, மாடியில வரைஞ்சது ஒண்ணு. இடது கண்ணை மூடிக்கிட்டு, புதுக் கண்ணால வரிசையாப் பார்த்தேன்.

மாடியில வரைஞ்சது அத்தனையும் தங்கமணி சொன்னபடியேதான். சொட்டு நீலம். முதல் வருஷம் பரவாயில்லை, ஆறாவது வருஷம் கண்ணைக் குத்துது. ஆனா மரத்தடியில அவசரமா பண்ணின அரைகுறை இருக்கே, அதோட வானம் ஏறக்குறைய சரியா இருந்தது. ஆறாவது வருஷத்துலயும்!

பையன் கேள்விக்குப் பதில் அங்க இருந்தது. வெளியில நான் வானத்தைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, ரெண்டும் ஒத்துப்போற வரைக்கும்தான் கலர் போட்டேன். தப்பு கழிஞ்சு போச்சு. மாடியில எதிர்ல வானம் இல்லை. என் சின்ன வயசு நீலம் ஞாபகத்துல இருக்கு. பேப்பர்ல இருக்கிறது மங்கலாத் தெரியுது. அதனால இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அப்பிக்கிட்டே போயிருக்கேன்.

மோனேவுக்கு 1912ல காட்ராக்ட்னு தெரிஞ்சுது. கலரை நம்ப முடியாம ட்யூப் மேல இருக்கிற பேரைப் படிச்சுத்தான் எடுப்பாராம். 1923ல வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். அப்புறம் எல்லாம் ஒரே நீலமாத் தெரியுதுன்னு புலம்பினார். இடது கண்ணை 1926ல சாகுற வரைக்கும் தொட விடலை. அதைப் படிச்சப்போ அந்தத் தாத்தா மேல எனக்குப் பாசமே வந்துடுச்சு. நம்ம பக்கத்துல மனோகர் தேவதாஸ் (1936–2022) இருந்தார். மதுரைக்காரர், தொழில் வேதியியல், ஓவியம் ஓய்வு நேரத்துல. பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கிட்டே வர்ற நோய். குழாய் வழியாப் பார்க்கிற மாதிரிதான் தெரியும். அதை வெச்சுக்கிட்டு மதுரையைப் பேனாவால கோடு கோடா வரைஞ்சார். 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. எனக்கு வந்தது இருபது நிமிஷத்துல சரியாகிற கேஸ். நான் புலம்பவே கூடாது.

ஆனாலும் புலம்ப ஒண்ணு இருக்கு.

இந்தப் பங்குனியில மறுபடியும் அதே மரத்தடிக்குப் போனேன். 2024ல திறந்த டைடல் பார்க் 21 மாடி நம்ம ஊர்ல எழும்பி நிக்குது, அதோட கண்ணாடி நீலம் எல்லாம் புதுசாத் தெரிஞ்சுது. ஸ்டூலைப் போடக் குனிஞ்சேன். கீழ பூ. வெள்ளைப் பொரி இல்லைங்க. ஒவ்வொரு பூவுலயும் லேசா ஊதா ஓடுது. ஒண்ணைக் கையில எடுத்து இடது கண்ணால பார்த்தேன், அழுக்கு வெள்ளை. வலது கண்ணால பார்த்தேன், ஊதா.

பழைய படத்துல எல்லாம் பூ இருக்கிற இடத்துல வெறும் பேப்பரை விட்டிருக்கேன். மரத்தடியில வரைஞ்சதுலயும்தான். வானத்துல நடந்த தப்பு கழிஞ்சு போச்சு, ஆனா பார்க்காத நிறத்தை எப்படிப் போட முடியும்?

"சார், இந்தப் பூ எப்பவும் ஊதாவாவா இருந்தது?"ன்னு டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் டீ ஆத்துறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "உங்க கண்ணு இப்ப பரவாயில்லைங்களா சார்?"ன்னு மட்டும் கேட்டார்.

அடுத்த மாசம் இடது கண்ணுக்குத் தேதி குடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி, போன ஞாயித்துக்கிழமை, வலது கண் மேல கர்ச்சீப் கட்டிக்கிட்டு இடது கண்ணால மட்டும் மரத்தை ஒரு தடவை வரைஞ்சேன். அப்புறம் கர்ச்சீப்பை மாத்திக் கட்டிக்கிட்டு இன்னொண்ணு. ரோட்ல போறவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பையன் சொன்ன மாதிரியே ரெண்டு வானமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல பூ வெள்ளை, ஒண்ணுல ஊதா. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாடி ரூம்ல இந்த வருஷம் பெரிய படம் எதுவும் போடலை. அந்த ரெண்டையும் சேர்த்து பிரேம் போடக் குடுத்திருக்கேன். தங்கமணிகிட்ட காட்டினதுக்கு, "வானம் நல்லா இருக்கு"ன்னு சொன்னாங்க. ஆறு வருஷத்துல முதல் தடவை.

படம் வரையற மக்களே, நாற்பதைத் தாண்டினவங்க வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க. வீட்ல உள்ளவங்க கலரைப் பத்திக் குறை சொன்னா, ஸ்டைல்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி சாக்ஸை ஒரு தடவை சரிபார்த்துக்குங்க.