பேருக்குப் பின்னால்

நாங்கள் லும்பினிக்குப் புத்தரைக் கொண்டுபோனோம். திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்காத ஆளில்லை. என்ன செய்ய, விருத்தாசலத்துக்காரன் வேறு எதைக் கொண்டுபோவான்? பியூஸ் கட்டையையா கொண்டுபோக முடியும்?

2019 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். தோழர்கள் மூன்று பேர், நான், என் தாய்மாமன். மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. செராமிக் சூளையில் வெந்து வெளியே வந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. நாற்பது வயதில் இரவுப் பள்ளிக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்துப் பன்னிரண்டு பீங்கான் புத்தர்களை அடுக்கியது அவர்தான். சென்னை வந்து கோரக்பூர் ரயில் ஏறுகிற வரைக்கும் பெட்டியை யார் கையிலும் கொடுக்கவில்லை.

எல்லை தாண்டுவது நமக்குப் புதிதல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கடல் தாண்டிக் கொழும்பு போய்ப் பஞ்சசீலம் ஏற்றார். 1956 அக்டோபரில் நாக்பூரில் தீட்சை பெற்ற அண்ணல் அம்பேத்கர், அடுத்த மாதமே காத்மாண்டு போய் உலக பௌத்தர் மாநாட்டில் பேசினார். நாங்கள் போனது கோரக்பூரில் பேசிப்பிடித்த வாடகைக் காரில்.

சோனௌலி எல்லை. இந்தப் பக்கம் உத்தரப் பிரதேசம், அந்தப் பக்கம் நேபாளத்தின் பெலஹியா. 1950இல் போட்ட ஒப்பந்தம் இருப்பதால் நமக்கு விசா வேண்டாம். ஜனங்கள் சந்தைக்குப் போவதுபோலப் போகிறார்கள், வருகிறார்கள். ரிக்‌ஷா போகிறது, ஆடு போகிறது. கார்தான் வரிசையில் நிற்கிறது.

எங்கள் முதல் சிக்கல் பணம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு செல்லாது என்று 2018 டிசம்பரில்தான் நேபாளம் அறிவித்திருந்தது. எங்கள் ஐந்து பேர் மடியிலும் ஐநூறு ரூபாய் நோட்டுகள். கடைகடையாய் ஏறி இறங்கி, கமிஷன் கொடுத்து நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றினோம். கட்டு பெருத்துப்போய் சட்டைப்பை பிதுங்கியது. “பணக்காரனாவறது இவ்ளோ சுளுவுன்னு தெரியாமப் போச்சே மாப்ள” என்றார் மாமா.

கார் மெல்ல நகர்ந்து எல்லைக் காவலர் நிற்கும் தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் வந்தது. அப்போதுதான் அது நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமா பின்கதவைத் திறந்து இறங்கினார். குளிருக்குத் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பனிமூட்டத்தில், காருக்குப் பக்கத்திலேயே, வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தார்.

“க்யா ஹுவா பாபா?” என்று காவலர் ஓடிவந்தார். வண்டி ரிப்பேரோ, பெரியவருக்கு உடம்புக்கு முடியலையோ என்று அவருக்குப் பதற்றம். ஏறி உட்காரச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமாவும் சிரித்தார். “கட்டய பாத்ததும் காலு தானா எறங்கிடுச்சிடா” என்றார்.

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் ஊர்த்தெரு முனையில் கட்டை எதுவும் இல்லை. ஆனால் மாமா வாலிபமாக இருந்த காலத்தில், செராமிக் வேலைக்குச் சைக்கிளில் போகும்போது அந்த முனையில் இறங்கவேண்டும். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருவைத் தாண்டவேண்டும். தாண்டியபின் ஏறலாம். இரண்டு வேளையும் அப்படித்தான். மூளை மறந்துவிட்டது. கால் மறக்கவில்லை.

அந்தப் பக்கம் போனதும் பன்சார் அலுவலகம். சுங்கத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இந்திய வண்டிக்கு நாள் கணக்கில் பணம் கட்டிச் சீட்டு வாங்கவேண்டும். பெட்டியைப் பிரித்த சிப்பந்தி புத்தரைக் கண்டதும் நிமிர்ந்தார். பழைய சிலையா, எந்தக் காலத்தது என்று கேட்டார். நாக்பூரில் படித்த தோழர்தான் எங்களுக்கு இந்தி. அவர் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா சிலையைத் தலைகீழாகப் பிடித்து அச்சு ஒட்டின கோட்டைக் காட்டினார். “போன வாரம் சூளையிலேர்ந்து எடுத்தது. தொட்டுப் பாரு, இன்னும் சூடுகூட ஆறல.” பனியில் புத்தர் ஐஸ்கட்டிபோல இருந்தார். தோழர் மொழிபெயர்த்ததும் சிப்பந்தி சிரித்துவிட்டார். போகலாம் என்று கையசைத்தார்.

நேபாள மணி நம்முடையதைவிடக் கால்மணி நேரம் கூடுதல். மாமா கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். “எறநூறு அடி நடந்ததுக்குக் கால்மணி நேரம் வயசு கூடிப்போச்சா? கிட்டத்துல வாழ்றவன் சீக்கிரம் கெழவனாயிடுவான்போல.”

சீட்டு வாங்கியபின் ஒரு டீக்கடை. கடைக்காரர் நல்ல மனிதர். எந்த ஊர், எத்தனை நாள் ரயில் என்று விசாரித்தார். மாமாவின் பெயரைக் கேட்டார், சொன்னோம். “ஆகே க்யா லிக்தே ஹோ?” என்றார். பேருக்குப் பின்னால் என்ன எழுதுவீர்கள் என்று அர்த்தம். சாதியைக் கேட்கிறார் என்பது எங்களுக்குப் புரிந்தது. தோழர் சொல்லுக்குச் சொல் மாமாவிடம் சொன்னார். மாமா டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

“பேரை எழுதறதுக்கே நாப்பது வயசாச்சு. அதுக்குப் பின்னால வேற எழுதணுமா?”

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பேருக்குப் பின்னால் இருக்கிற சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது. பலர் வெட்டினார்கள். நல்லதுதான். எங்களுக்கு வெட்டிப்போட வாலே இருந்ததில்லை. நேபாளத்தின் கதை வேறுமாதிரி. யார் கையில் தண்ணீர் வாங்கலாம், யாரைத் தொட்டால் தீட்டு என்று 1854இல் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது. 1963இல் புதுச்சட்டம் வந்து அதை நீக்கியது. தீண்டாமையைக் குற்றமாக்கி 2011இல் தனிச்சட்டமும் வந்தது. கேள்வி மட்டும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. காருக்குப் பன்சார் உண்டு, பணத்துக்கு அன்று தடை இருந்தது. சாதிக்கு மட்டும் சீட்டும் இல்லை, சோதனையும் இல்லை. அது ரிக்‌ஷாவைவிடச் சுளுவாக எல்லை தாண்டுகிறது.

லும்பினியில் அசோகன் தூணைப் பார்த்தோம். புத்தர் பிறந்த ஊர் என்பதால் வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று அதில் வெட்டியிருக்கிறது. அசோகன் வரி நீக்கிய ஊருக்கு நாங்கள் பன்சார் கட்டி வந்திருக்கிறோம் என்றேன். புத்தர்களை விகாரைகளுக்குக் கொடுத்தோம். வாங்கின ஒவ்வொருவரிடமும் மாமா அச்சு ஒட்டைக் காட்டினார்.

திரும்பும்போது அதே தடுப்புக் கட்டை. எல்லோரும் மாமாவையே பார்த்தோம். அவர் கால்மேல் கால்போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, காவலருக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி டாக்சி பிடித்தோம். ஊருக்குள் நேராகப் போனால் ஊர்த்தெரு, சுற்றிப் போனால் ஏரிக்கரை. டிரைவர் டவுன்காரப் பையன். எப்படிப் போகட்டும் என்று கேட்டான். நேராப் போ என்றேன். இப்போது யாரும் இறங்கச் சொல்வதில்லை. பஸ்ஸே போகிற தெரு. முனை வந்ததும் மாமாவின் கை கதவுப்பிடிக்குப் போனது. எதிரே மாடு வந்ததால் கார் நின்றது. திண்ணையிலிருந்து ஒரு குரல்: “யாரூட்டு வண்டிடா அது?”

மாமா என் பக்கம் திரும்பினார். “இவனும் பேருக்குப் பின்னால என்னான்னுதான் கேக்கறான்” என்றார்.

பிடியிலிருந்து கையை அவர் எடுக்கவில்லை. கதவைத் திறக்கவுமில்லை. மாடு ஒதுங்கியது. கார் போனது.