என் வீட்டில் மட்டும் போன கரண்ட்

டென்மார்க், போலந்து, போர்ச்சுகல் என்று சிதறிக்கிடக்கும் ஒரு ஐம்பது பேருக்கு, சித்தூர் மாவட்டத்தில் கார்வேட்டிநகரம் என்றொரு ஊர் இருப்பது தெரியும். அந்த ஊரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்ட் இருக்காது என்பதும் தெரியும். முதல் விஷயம் உண்மை. இரண்டாவது நான் கட்டிவிட்டது.

எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. வேணுகோபால சுவாமி கோயில், ஸ்கந்த புஷ்கரிணி, ஜமீன் காலத்தில் அந்த வேணுகோபாலன் மேல் தெலுங்குப் பதங்கள் செய்த சாரங்கபாணி. பரதநாட்டியம் ஆடுகிறவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். திருத்தணியே ஒரு காலத்தில் எங்கள் ஜமீனுக்குள் இருந்த ஊர்தான். 1960-ல் அது மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாக ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். இதில் ஒன்றைக்கூட நான் அவர்களிடம் சொன்னதில்லை. சொன்னது பவர் கட் ஒன்றுதான்.

விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004-ல் வந்தது. மாற்றி மாற்றி அதன் பழைய முகமே மறந்துபோன பிறகு, ஆரம்பகால ஆட்டத்தை 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். அதில் பெரிய ரெய்டு என்றால் நாற்பது பேர் ஒன்றாகக் குகைக்குள் இறங்கி, அரக்கர்களை ஒவ்வொருவராகச் சாய்த்துக்கொண்டே போவது. முன்னால் நின்று அடி வாங்கச் சிலர், அடிக்க ஒரு கூட்டம், அடிபட்டவர்களைச் சாகாமல் பார்த்துக்கொள்ளச் சிலர். நான் கடைசி ரகம். ஹீலர்.

புதிய ஆட்டத்தில் 2011 முதல் ‘ரெய்டு ஃபைண்டர்’ உண்டு. பட்டனை அமுக்கிவிட்டுக் காத்திருந்தால் முகம் தெரியாத ஆட்களோடு அதுவே கோத்துவிடும். நடுவில் எழுந்து போனாலும் ஏன் என்று கேட்க நாதி இருக்காது. கிளாசிக்கில் அந்த வசதி கிடையாது. நகரத்துச் சாட்டில் ‘இரண்டு ஹீலர் வந்தால் கிளம்பலாம்’ என்று கூவுகிறவர்களிடம் பேசி ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கில்டு எனப்படும் நிலையான குழு ஒன்றில் விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு ஃபாரம் எல்லாம் உண்டு. என்ன கிளாஸ், என்ன அனுபவம், வாரத்தில் எத்தனை நாள் வருவாய், எந்த நாடு. முன்பு ஆடிய ரெய்டுகளில் நாம் கிழித்தது என்ன என்று வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். ஆனால் ஹீலருக்கு எப்போதும் பஞ்சம். என்னை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் அந்த ஆட்டத்துக்குச் சர்வர் கிடையாது. நான் ஐரோப்பிய சர்வரில் இருந்தேன். அவர்களுக்குச் சாப்பாடு முடிந்து இரவு எட்டு மணி என்றால், நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. சென்னையில் அறை எடுத்து வேலை பார்த்த வரைக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். நைனா ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். அம்மா சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, ‘சாப்ட்டுப் படு’ என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சோற்றில்தான் ஆரம்பித்தது.

மோல்டன் கோர் என்ற நெருப்புக் குகையில் பாரன் கெட்டன் என்று ஒருவன் இருக்கிறான். சண்டைக்கு நடுவில் யாராவது ஒருவரை அவன் வெடிகுண்டாக்கிவிடுவான். எட்டு நொடி இருக்கும். குண்டானவர் கூட்டத்தை விட்டு ஓடி, தனியாக ஒரு மூலையில் நின்று வெடித்துக்கொள்ள வேண்டும். ரெய்டுக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே இதைத்தான். அன்றைக்குக் குண்டு எனக்கு விழுந்தபோது என் வலது கை மோர்ச்சோற்றில் இருந்தது. மாவடு ஒன்றைக் கடித்து வாயில் வைத்திருந்தேன். திரை சிவப்பாக மின்னியது, ஹெட்போனில் எச்சரிக்கை கத்தியது, யாரோ என் பேரைச் சொல்லி ஓடு ஓடு என்றார்கள். கையைக் கழுவுவதா, எச்சில் கையோடு மவுஸைப் பிடிப்பதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் எட்டு நொடி போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஹீலர்கள் செத்தார்கள். ஹீலர் இல்லாமல் மற்றவர்களும் வரிசையாக விழுந்தார்கள்.

இதன் நஷ்டம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ரெய்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஊர் ஊராக அலைந்து ஆளுக்கொரு பலம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். டிராகன் தலையை நகர வாசலில் தொங்கவிடும்போது அங்கே நிற்பவர்களுக்கு ஒன்று, காட்டில் ஒரு பூவைத் தொட்டால் ஒன்று, இப்படி. செத்தால் அத்தனையும் போச்சு. அலைந்தது மொத்தமும் வீண்.

டிஸ்கார்டில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ரெய்டு லீடர், கோபமே இல்லாமல், என்ன ஆயிற்று என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், இரண்டு பேர் திட்டியிருப்பார்கள், மறுபடி இறங்கியிருப்போம். முப்பத்தொன்பது பேர் காதில் விழும்படி ‘என் தப்பு’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே இது என் குணம். மார்க் குறைந்தால் கேள்வித்தாள் மோசம் என்று வீட்டில் சொல்வேன். அன்றைக்கு வாயில் வந்தது, ‘பவர் கட். ரூட்டர் ஆஃப் ஆகிவிட்டது. கிராமம் இல்லையா.’

உடனே நம்பிவிட்டார்கள். நம்பினதோடு நிற்காமல் பரிதாபப்பட்டார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது.

மாந்தோப்பு மோட்டாருக்குக் கரண்ட் நேரக்கணக்கில்தான் வரும், நிஜம். வீட்டுக்கு அப்படியில்லை. காற்று மழைக்கு எப்போதாவது போகும், வரும். ஆனால் இந்தியா, கிராமம், கரண்ட் இல்லை என்று மூன்று சொல்லைச் சேர்த்தால் ஐரோப்பாவில் யாரும் நாலாவது கேள்வி கேட்பதில்லை. கண்டுபிடித்த பிறகு விடுவேனா? மறுநாள் காலை மீட்டிங் இருந்தால் கரண்ட் போனது. தூக்கம் வந்தால் போனது. அரக்கன் சாய்ந்து எனக்கு வேண்டிய சாமான் கிடைத்த பிறகும் போனது. அதற்கு ஒரு முறையே வைத்திருந்தேன். வெறுமனே வெளியேறினால் சந்தேகம் வரும் என்று, எழுந்து போய் ரூட்டரின் சுவிட்சை நானே அணைப்பேன். ஆட்டத்தில் என் உருவம் ஒரு நிமிஷம் அப்படியே சிலையாக நின்று பிறகு மறையும். பார்க்கிறவர்களுக்கு அசல் பவர் கட். அணைத்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு படுப்பேன்.

மோல்டன் கோரின் கடைசி அரக்கன் ரக்னராஸைப் பார்க்கப் போவதற்கு முன்பு ஒரு பெட்டி திறக்கும். அதிலிருந்து என்னைப் போன்ற பூசாரி ரக ஹீலர்களுக்கு மட்டும் ஒரு கண் கிடைக்கும். அந்தக் கண்ணை வைத்துத்தான் பூசாரிகள் எல்லோரும் கனவு காணும் கைத்தடியைச் செய்ய முடியும். கில்டு கூடிப் பேசி அதை எனக்குக் கொடுத்தது. நன்றி சொன்னேன். சுவிட்சை அணைத்தேன். என்னைவிட நெடுநாள் காத்திருந்த இன்னொரு பூசாரி, என் பங்கையும் சேர்த்து ஹீல் செய்து அந்த ராத்திரியை முடித்துக்கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஏப்ரலில் ஜுல்குருப் என்ற ரெய்டு கிளாசிக்கில் திறந்தது. 2005 செப்டம்பரில் அந்த இடத்திலிருந்துதான் ‘கரப்டட் பிளட்’ என்ற தொற்று வெளியே வந்து நகரங்களுக்குள் பரவியது. அரக்கன் போடும் சாபம் வளர்ப்பு மிருகங்கள் வழியாகத் தப்பி, ஊருக்குள் நின்றவர்களையெல்லாம் சாய்த்தது. தற்செயலாக நடந்த இதைத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு 2007-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் கட்டுரையே எழுதினார்கள். வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய் நோயைப் பரப்பியவர்களும் அப்போது இருந்தார்கள். கொரோனா சமயம் என்பதால் டிஸ்கார்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம். அப்படிப் பரப்புகிறவர்கள் என்ன ஜென்மமோ என்று நானும் சொன்னேன்.

என் பவர் கட் பொய் வீட்டுக்குள்ளும் வந்தது. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ‘பவர் கட்’ புரியாத ஆள் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்? ராத்திரி ராத்திரி நான் அதையே சொல்வதைக் கேட்டு, மே மாதத்தில் ஒரு நாள் லைன்மேனைப் பிடித்துவிட்டாள்.

“அண்ணே, ராத்திரில எங்க வூட்ல மட்டும் கரண்டு போவுதாம். புள்ள வேல செய்ய முடியாம தவிக்கிறான். இன்னான்னு கொஞ்சம் பாருங்கண்ணே.”

அவர் என்னைப் பார்த்தார். “எத்தினி மணிக்குப் போவுது தம்பி?”

“பன்னெண்டுக்கு மேல மாமா.”

“தெரு லைட்டு எரியுதா அப்போ?”

“கவனிக்கல மாமா.”

அவர் லைனை நிறுத்த அனுமதி வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணி வெயிலில் கம்பம் ஏறினார். எங்கள் வீட்டு ஒயரை அவிழ்த்து, சுரண்டி, மறுபடி முறுக்கிக் கட்டினார். முதுகில் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அரை மணி நேரம் தெருவுக்கே கரண்ட் இல்லை. எதிர்வீட்டுக் கிழவி விசிறியோடு திண்ணைக்கு வந்து மின்சார இலாகாவைத் திட்டினாள். இறங்கி வந்தவருக்கு அம்மா மோர் கொடுத்தாள். “லூசாத்தான் இருந்துச்சு, இனிமே போவாது தம்பி” என்றார். அவர் வேலையில் குறை இல்லை என்று காட்டவாவது அன்று ராத்திரி நான் ஒழுங்காக உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

கில்டில் வருகைப் பதிவு உண்டு. சாமான் பங்கு போடும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் பவர் கட்டுகள் எல்லாம் ‘தவிர்க்க முடியாதவை’ என்ற கணக்கில் போயின. போர்ச்சுகலில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்த ஒரு பெண், அந்த வருஷத்தில் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஒரு நாள் ‘தூங்கிப்போய்விட்டேன், மன்னியுங்கள்’ என்று உள்ளதை எழுதினார். தூக்கம் தவிர்க்கக்கூடியது என்று அவருக்கு ஒரு நாள் வெட்டினார்கள். அந்த வாரம் அவருக்கு வர வேண்டிய கவசம் எனக்கு வந்தது. போட்டுக்கொண்டேன்.

நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்தபோது எங்கள் பக்கம் கொட்டித் தீர்த்தது. நிஜமாகவே கரண்ட் போனது. திரும்பி ஆன்லைன் வந்தபோது பத்திரமாக இருக்கிறாயா என்று அத்தனை பேரும் விசாரித்திருந்தார்கள். அந்த நர்ஸும்.

இவ்வளவுக்கும் நடுவில், இருக்கிற நேரத்தில் நான் நல்ல ஹீலர். டிசம்பரில் நாக்ஸ்ரமஸ் திறந்தபோது என்னை ஹீலர்களுக்கு ஆபீசர் ஆக்கினார்கள். புதிதாக வரும் விண்ணப்பங்களைப் படிப்பதும் அந்த வேலையில் அடக்கம். ஃபாரத்தில் ஒரு கேள்வி கூடியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்: உங்கள் பகுதியில் மின்சாரம் தடையில்லாமல் வருமா? யாரால் கூடிய கேள்வி என்று நான் கேட்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையனின் விண்ணப்பம் வந்தது. ஹீலர்தான். அவனுடைய லாக்ஸைத் திறந்து பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. மின்சாரக் கேள்விக்குக் கீழே, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ரூட்டருக்குத் தனி யுபிஎஸ் இருக்கிறது, இரண்டும் போனால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்வேன் என்று மெனக்கெட்டு எழுதியிருந்தான். ஆபீசர்கள் மட்டும் பேசும் சேனலில் ஒருவர், ‘இந்தியா. இன்னொரு பவர் கட் தாங்குமா?’ என்று போட்டு, சிரிக்கும் பொம்மை ஒன்றும் போட்டார். லீடர் என்னைக் குறிப்பிட்டுக் கேட்டார்: நீதான் அங்கே இருக்கிறாய், உனக்குத்தான் தெரியும், நீ சொல்.

கோயம்புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் என்ன தூரம் என்று சொல்லியிருக்கலாம். இன்வெர்ட்டர் என்றால் என்ன என்று சொல்லியிருக்கலாம். அவன் வந்து ஒரு ராத்திரிகூடக் கரண்ட் போகாமல் ஆடினால், என் வீட்டில் மட்டும் ஏன் போகிறது என்று யாராவது கேட்பார்களே என்றுதான் எனக்கு ஓடியது. ‘ரிஸ்க்தான்’ என்று எழுதினேன். நாலைந்து கட்டைவிரல்கள் விழுந்தன.

அவனுக்குப் பதில் அனுப்பும் பொறுப்பும் என்னுடையதே. இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். தமிழ் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு, இடம் காலியானால் தயவுசெய்து கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன் என்று எழுதியிருந்தான். அடுத்த வாரமே ஒரு இடம் காலியானது. பெல்ஜியத்திலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டோம்.